பழைய மென்பொருளும் வரையறுத்த உரிமையும்

மும்பை மாநகரின் தாராவிப் பகுதியில் தோல்பை தைக்கும் பட்டறைகளும், மண்பாண்டம் வனைவோரின் குடியிருப்புகளும், பிளாஸ்டிக் கழிவைத் தரம் பிரித்து மீண்டும் மூலப்பொருளாக்கும் கூடங்களும் நெருங்கி அமைந்துள்ளன. அதனை அடுத்துள்ள மாதுங்காவில் தொழில்நுட்பக் கல்லூரிகளும் ஆய்வுக்கூடங்களும் உள்ளன. கிழக்கே செம்பூரைக் கடந்து சென்றால் உரத் தொழிற்சாலையும், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும், டிராம்பே அணு ஆராய்ச்சி நிலையமும் வருகின்றன. இவ்விடங்களில் நடைபெறும் தொழில்கள் வெவ்வேறானவை. எனினும் இவை யாவற்றுக்கும் பொதுவானது ஒன்று உண்டு. சிறு பட்டறையின் விற்பனைச் சீட்டு முதல் ஆய்வுக்கூடத்தின் நுண்ணிய அளவுக் கருவி வரை அனைத்தும் இன்று கணிப்பொறியைச் சார்ந்தே நிற்கின்றன.

நன்கு பராமரிக்கப்படும் கடைசல் இயந்திரம் இருபது ஆண்டுகள் உழைக்கும். பணம் கொடுத்து வாங்கிய மென்பொருளும் அவ்வாறே உழைக்க வேண்டும் என்று அதன் உரிமையாளர் எதிர்பார்ப்பது இயல்பே. ஆனால் மென்பொருளின் நிலை வேறு. அது தேய்வதில்லை, அதனைச் சுற்றியுள்ள சூழ்நிலையே மாறிவிடுகிறது. பட்டறை ஒன்றில் பல ஆண்டுகளாக இயங்கிவந்த கணக்கு மென்பொருளைப் புதிய கணிப்பொறிக்கு மாற்றுவதாகக் கொள்வோம். உரிமையாளர் பயன்படுத்தும்போது அது ஒழுங்காக இயங்குகிறது. காலையில் ஓர் எழுத்தரும் மாலையில் மற்றோர் எழுத்தரும் பயன்படுத்தும்பொருட்டுத் தனித்தனியே கணக்குகள் ஏற்படுத்திக் கொடுத்ததும், அதே மென்பொருள் இயங்க மறுக்கிறது. “அனுமதி மறுக்கப்பட்டது” என்னும் ஒரு வரி மட்டும் திரையில் தோன்றுகிறது.

இந்நிலையில் பெரும்பாலோர் கையாளும் பரிகாரம் எளியது. எழுத்தர் இருவருக்கும் நிர்வாகிக்குரிய முழு உரிமையையும் அளித்துவிடுகின்றனர். உடனே மென்பொருள் இயங்குகிறது. வேலையும் தடையின்றி நடக்கிறது. ஆனால் அலமாரியின் ஓர் இழுப்பறை திறக்கவில்லை என்பதற்காகக் கட்டடத்தின் சாவிக்கொத்து முழுவதையும் கையில் கொடுத்தது போன்றதே இச்செயல். இதனால் விளையக்கூடிய தீங்கு யாது, இதனைத் தவிர்த்துப் பழைய மென்பொருளை இயக்கும் வழி யாது என்பவற்றை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

கணக்கு என்னும் ஏற்பாடு தோன்றிய விதம்

அந்நாளில் பம்பாய் எனப்பட்ட மும்பையில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தினர் தாமே வடிவமைத்து உருவாக்கிய டிஃப்ராக் என்னும் மின்னணுக் கணிப்பொறி 1960-ஆம் ஆண்டு முழு அளவில் இயங்கத் தொடங்கியது. 40 இரும எண்களைக் கொண்ட சொற்கள் 2,048 மட்டுமே அதன் நினைவகத்தில் அடங்கும். ஒரு நேரத்தில் ஒரு கணக்கையே அது செய்யும். தமக்கு ஒதுக்கப்பட்ட நேரத்தில் ஒருவர் பொறியைப் பயன்படுத்திவிட்டு, அடுத்தவருக்கு இடம்விட்டுச் செல்வார். 1964-ஆம் ஆண்டு அதே நிலையத்தில் சி.டி.சி. 3600 என்னும் பெரிய பொறி நிறுவப்பட்டது. நாட்டின் பல ஆராய்ச்சிக்கூடங்களிலிருந்து வந்த கணக்குகள் அதில் வரிசையாகச் செய்து முடிக்கப்பட்டன. 1969-ஆம் ஆண்டு டிராம்பேயில் டி.டி.சி. 12 என்னும் உள்நாட்டுக் கணிப்பொறி உருவாயிற்று. ஒருவர் வேலை முடிந்த பின்னரே அடுத்தவர் வேலை தொடங்கும் ஏற்பாட்டில், ஒருவருடைய கோப்பினை மற்றவரிடமிருந்து காக்க வேண்டிய தேவை பெரிதாக எழவில்லை.

ஒரே பொறியைப் பலர் ஒரே சமயத்தில் பயன்படுத்தும் முறை வந்தபோதுதான் இத்தேவை முன்னின்றது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிலையத்தில் 1961-ஆம் ஆண்டு செய்து காட்டப்பட்ட நேரப்பகிர்வு அமைப்பு அத்தகையது. அதனைப் பயன்படுத்தியவர்களுக்குத் தனிக் கணக்குகளும் கடவுச்சொற்களும் வழங்கப்பட்டன. அதன் வழித்தோன்றலான மல்டிக்ஸ் என்னும் அமைப்பில் உரிமைகள் ஒன்றனுள் ஒன்றாக அமைந்த வளையங்களைப் போல வகுக்கப்பட்டன. உள்வளையத்தில் இயங்கும் நிரல் எதனையும் செய்யலாம். வெளிவளையத்தில் இயங்கும் நிரல் தனக்கு அனுமதிக்கப்பட்டதை மட்டுமே செய்யலாம்.

இவ்வனுபவங்களை ஆராய்ந்த ஜெரோம் சால்ட்சர், மைக்கேல் ஷ்ரோடர் என்னும் அறிஞர் இருவரும் 1975-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுரையில் கணிப்பொறிப் பாதுகாப்புக்கான கோட்பாடுகள் சிலவற்றை வகுத்துரைத்தனர். அவற்றுள் ஒன்று ‘குறைந்தபட்ச உரிமை’ எனப்படுவது. ஒவ்வொரு நிரலும், ஒவ்வொரு பயனரும், எடுத்துக்கொண்ட வேலையை முடிப்பதற்கு எவ்வளவு உரிமை வேண்டுமோ அவ்வளவு மட்டுமே பெற்றிருக்க வேண்டும் என்பது இதன் பொருள். மனிதர்மீது கொண்ட ஐயத்தால் பிறந்த கோட்பாடு அன்று இது. தவறு நேரும்போது அதன் விளைவு குறுகிய எல்லைக்குள் அடங்க வேண்டும் என்பதே இதன் நோக்கம்.

தனிக் கணிப்பொறியும் மறக்கப்பட்ட பாடமும்

1981-ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனத்தின் தனிக் கணிப்பொறி விற்பனைக்கு வந்தது. மேசைமீது வைக்கத்தக்க அப்பொறிக்கு ஒரே உரிமையாளர். அதனை இயக்கிய டாஸ் என்னும் அமைப்பில் பயனர் கணக்கு என்பதே இல்லை. எந்த நிரலும் வட்டின் எந்தப் பகுதியிலும் எழுதலாம். எந்தச் சாதனத்தையும் நேரடியாக இயக்கலாம். 1995-ஆம் ஆண்டு வந்த விண்டோஸ் 95-லும், அதன்பின் வந்த விண்டோஸ் 98-லும் நிலைமை பெரிதும் மாறவில்லை. அவை பயன்படுத்திய ஃபேட் என்னும் வட்டு ஒழுங்கில், ஒரு கோப்பின் உரிமையாளர் யார், அதில் எழுத அனுமதி பெற்றவர் யார் என்று குறித்து வைப்பதற்கு இடமே இருந்ததில்லை.

இதற்கிடையில் 1993-ஆம் ஆண்டிலேயே விண்டோஸ் என்.டி. என்னும் மற்றொரு குடும்பம் தோன்றியிருந்தது. அதன் வட்டு ஒழுங்கில் ஒவ்வொரு கோப்புக்கும் அனுமதிப் பட்டியல் உண்டு. ஆயினும் வீடுகளிலும் சிறு தொழிற்கூடங்களிலும் விண்டோஸ் 95, 98 ஆகியனவே பரவின. 2001-ஆம் ஆண்டு வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி இவ்விரண்டு கிளைகளையும் ஒன்றாக்கியது. அன்று முதல் சாதாரண வாடிக்கையாளருக்கும் பயனர் கணக்கு என்னும் ஏற்பாடு கிடைத்தது. எனினும் பொறியை நிறுவும்போது உருவாகும் முதற் கணக்கு நிர்வாகிக் கணக்காகவே அமைந்தது. பெரும்பாலோர் அதிலேயே தங்கிவிட்டனர்.

இப்பழக்கம் மென்பொருள் எழுதியோரையும் பற்றியது. அவர்கள் நிர்வாகிக் கணக்கிலேயே நிரலை எழுதினர். அதிலேயே சோதித்தும் பார்த்தனர். பயனருடைய தரவை அவரவர் சொந்தப் பகுதியில் வைக்க வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அறிவுறுத்தி வந்த போதிலும், பலர் பழைய முறையையே கையாண்டனர். சோதனையில் தென்படாத இக்குறை வாங்கியவரின் இடத்தில் வெளிப்பட்டது. இன்று வரையறுத்த கணக்கில் இயங்க மறுக்கும் பழைய மென்பொருள்களில் பெரும்பாலானவை இவ்விதம் பிறந்தவையே.

இயங்க மறுப்பதன் காரணங்கள்

பயனர் ஒருவர் தம் கடவுச்சொல்லைக் கொடுத்து உள்நுழைந்ததும், இயக்க அமைப்பு அவருக்கு ஓர் அடையாளச் சீட்டை வழங்குகிறது. அவர் யார், எந்தக் குழுக்களைச் சேர்ந்தவர், அவருக்குள்ள தனிச் சலுகைகள் யாவை என்பன அதில் குறிக்கப்பட்டிருக்கும். அவர் தொடங்கும் ஒவ்வொரு நிரலும் அச்சீட்டின் படியையே ஏந்திச் செல்கிறது. நிரல் ஒரு கோப்பைத் திறக்க முற்படும்போது, சீட்டில் உள்ள விவரமும் கோப்பின் அனுமதிப் பட்டியலும் ஒப்பிடப்படுகின்றன. இரண்டும் பொருந்தினால் கோப்பு திறக்கிறது. பொருந்தாவிடில் அனுமதி மறுக்கப்படுகிறது. ஆகவே மென்பொருள் ‘பழுதாகிவிட்டது’ என்று கருதுவது பிழை. அது தனக்கு உரிமையில்லாத ஓர் இடத்தை நாடுகிறது என்பதே உண்மை.

அவ்வாறு நாடும் இடங்கள் பெரும்பாலும் சிலவே. முதலாவது, மென்பொருள் நிறுவப்பட்டுள்ள கோப்புறை. ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ எனப்படும் அப்பகுதியில் சாதாரணப் பயனர் படிக்கலாம், எழுதலாகாது. பழைய கணக்கு மென்பொருள்கள் பல, தம் பேரேட்டையும் அங்கேயே வைத்து எழுத முயல்கின்றன. இரண்டாவது, விண்டோஸின் சொந்தக் கோப்புறை. அமைப்பு விவரங்களைத் தாங்கிய சிறு கோப்புகளை அதில் வைப்பது டாஸ் காலத்தை ஒட்டிய வழக்கம். மூன்றாவது, ரிஜிஸ்ட்ரி என்னும் மையப் பதிவேடு. அதில் பயனர் ஒவ்வொருவருக்கும் தனிப் பிரிவும், பொறி முழுமைக்கும் பொதுவான பிரிவும் உள்ளன. பொதுப் பிரிவில் நிர்வாகி மட்டுமே எழுதலாம். பழைய மென்பொருள்களோ சாளரத்தின் அகலத்தையும் கடைசியாகத் திறந்த கோப்பின் பெயரையும்கூட அங்கே எழுத முற்படுகின்றன.

நான்காவது வகை சற்று வேடிக்கையானது. சில மென்பொருள்கள் தொடங்கியவுடன் ‘இப்பயனர் நிர்வாகியா?’ என்று சோதித்து, இல்லையெனில் நின்றுவிடுகின்றன. நிர்வாகிக்குரிய வேலை எதனையும் அவை பின்னர்ச் செய்வதில்லை. ஐந்தாவது வகையைச் சேர்ந்தவை சாதனங்களுடன் நேரடியாகப் பேசும் மென்பொருள்கள். ஆய்வுக்கூடத்தின் அளவுக் கருவியை இயக்குபவையும், திருட்டுப் பிரதியைத் தடுக்கும்பொருட்டு இணைப்புத் துளையில் செருகப்படும் பூட்டுச் சாதனத்தைத் தேடுபவையும் இவற்றுள் அடங்கும். இவற்றுக்கு ஏற்ற சாதன இயக்கியை நிர்வாகி ஒருமுறை நிறுவிவிட்டால், பின்னர்ச் சாதாரணப் பயனரே பயன்படுத்தக்கூடும். பதினாறு இருமத்தில் எழுதப்பட்ட மிகப் பழைய நிரல்கள் தனி வகை. அறுபத்து நான்கு இரும விண்டோஸில் அவை எந்தக் கணக்கிலும் இயங்கா. அங்கு உரிமையைக் கூட்டுவதால் பயனில்லை.

முழு உரிமையின் விலை

நிர்வாகிக் கணக்கில் தொடங்கப்படும் நிரல் எதனையும் செய்யக்கூடும் என்பது, தீய நிரலுக்கும் பொருந்தும். 2017-ஆம் ஆண்டு ஜூன் 27-ஆம் நாள் இதனை உலகம் கண்டது. நாட்பெட்யா எனப் பெயரிடப்பட்ட நாச நிரல், உக்ரேன் நாட்டில் வரிக்கணக்குத் தாக்கல் செய்யப் பயன்பட்ட ஒரு மென்பொருளின் புதுப்பிப்பு வழியாகப் புகுந்து, பல நாடுகளுக்குப் பரவியது. டென்மார்க்கின் மேர்ஸ்க் கப்பல் நிறுவனம் அதனால் பெரிதும் பாதிக்கப்பட்டது. அக்குழுமத்தைச் சேர்ந்த சரக்குப் பெட்டக முனையம் ஒன்று மும்பைக்கு எதிர்க்கரையில் உள்ள ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் இயங்கி வந்தது. அம்முனையத்தின் கணிப்பொறி அமைப்பு செயலிழந்ததால் பெட்டகங்களைக் கையாளும் பணி தடைப்பட்டது. பின்னர் அக்கப்பல் நிறுவனம் சுமார் 45,000 கணிப்பொறிகளிலும் 4,000 வழங்கிகளிலும் மென்பொருளைப் புதிதாக நிறுவ வேண்டியதாயிற்று என்று அதன் தலைவர் 2018-ஆம் ஆண்டு அறிவித்தார்.

அந்நாச நிரலின் செயல்முறை நம் பொருளுக்கு நெருங்கியது. அது புகுந்த பொறியில் நிர்வாகி உரிமை கிடைத்தால், நினைவகத்தில் தங்கியிருக்கும் மற்றவர்களின் கடவு விவரங்களைக் கவர்ந்து, அவற்றைக் கொண்டு அடுத்த பொறிக்குள் நுழைந்தது; வட்டின் தொடக்கப் பகுதியையும் அழித்தது. அவ்வுரிமை கிடைக்காத இடத்தில் இவ்விரண்டையும் செய்ய அதற்கு இயலவில்லை. அந்தப் பயனர் எழுதக்கூடிய கோப்புகளை மட்டுமே அதனால் சிதைக்க முடிந்தது. பாதுகாப்புத் திருத்தங்களைப் பெற்றிருந்த பொறிகளும், கவரப்பட்ட நிர்வாகி விவரங்களின் வழியே வீழ்ந்தன.

வரையறுத்த கணக்கு எல்லா நோய்க்கும் மருந்து என்று கொள்ளலாகாது. அதே ஆண்டு மே மாதத்தில் பரவிய வான்னாக்ரை என்னும் நிரல், விண்டோஸின் கோப்புப் பகிர்வுப் பகுதியில் இருந்த ஒரு குறையின் வழியே நுழைந்தது. அங்குப் பயனரின் உரிமை கூடுதலா குறைவா என்பது நுழைவைத் தடுக்கவில்லை. அதற்குரிய திருத்தத்தை மார்ச் மாதத்திலேயே பெற்று நிறுவியிருந்த பொறிகள் தப்பின. ஆகவே திருத்தங்களை உடனுக்குடன் நிறுவுதல், தரவின் படிகளை வேறிடத்தில் பாதுகாத்தல், உரிமையை வரையறுத்தல் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று நிரப்புவன. ஒன்றுக்கு மற்றொன்று ஈடாகாது.

காணாமற்போகும் பேரேடு

விண்டோஸ் விஸ்டா 2007-ஆம் ஆண்டு ஜனவரியில் பொது விற்பனைக்கு வந்தபோது, பழைய மென்பொருள்களுக்காகவே ஓர் ஏற்பாடு அதில் சேர்க்கப்பட்டது. முப்பத்திரண்டு இருமத்தில் எழுதப்பட்ட பழைய நிரல் ஒன்று, சாதாரணப் பயனரின் கணக்கிலிருந்து தடைசெய்யப்பட்ட கோப்புறையில் எழுத முயன்றால், இயக்க அமைப்பு அதனை மறுப்பதில்லை. அப்பயனரின் சொந்தப் பகுதியில் உள்ள ‘வர்ச்சுவல் ஸ்டோர்’ என்னும் கோப்புறையில் அக்கோப்பின் படியை உண்டாக்கி, எழுதுவனவற்றை அதற்குத் திருப்பி அனுப்புகிறது. நிரலோ தான் கேட்ட இடத்திலேயே எழுதியதாகக் கருதி மேற்செல்கிறது. மையப் பதிவேட்டுக்கும் இதே ஏற்பாடு உண்டு. பின்னர் வந்த விண்டோஸ் பதிப்புகளிலும் இது தொடர்கிறது.

இவ்வேற்பாட்டால் பல மென்பொருள்கள் உயிர்பெற்றன. ஆனால் பலர் ஒரே பேரேட்டைப் பயன்படுத்தும் பட்டறையில் இது பெருங்குழப்பத்தை விளைவிக்கும். முன்னர்க் கூறிய தாராவிப் பட்டறையையே மீண்டும் கருதுவோம். காலை எழுத்தர் பத்து விற்பனைச் சீட்டுகளைப் பதிகிறார். அவை அவருடைய சொந்தப் பகுதியில் உள்ள படியில் சேர்கின்றன. மாலை எழுத்தர் அதே மென்பொருளைத் திறக்கும்போது அப்பத்துச் சீட்டுகளும் தென்படுவதில்லை. அவர் பதிவன வேறொரு படியில் சேர்கின்றன. உரிமையாளர் நிர்வாகி உரிமையுடன் அதே மென்பொருளைத் திறந்தால், மூலப் பேரேட்டில் இரண்டுமே இல்லை. மாதக் கடைசியில் சரக்கு மற்றும் சேவை வரிக் கணக்கை எடுக்க முற்படும்போது, பேரேடு திருடப்பட்டதோ, எழுத்தர் பதியவே இல்லையோ என்ற ஐயம் எழக்கூடும். உண்மையில் ஒரு சீட்டும் தொலையவில்லை. மூன்று பேரேடுகள் மூன்று இடங்களில் வளர்ந்து வந்திருக்கின்றன. நிறுவிய கோப்புறையை மட்டும் நாள்தோறும் படியெடுத்து வைத்தவருக்குப் புதிய பதிவு ஒன்றுகூடக் கிட்டியிராது.

இத்தகைய நிலை கண்டால், எவரையும் குறைகூறுமுன் ஒவ்வொரு பயனரின் வர்ச்சுவல் ஸ்டோர் கோப்புறையையும் திறந்து பார்த்தல் வேண்டும். அங்குள்ள கோப்புகளை அழிக்காமல் வெளியே படியெடுத்து வைத்த பின்னரே அடுத்த வேலையைத் தொடங்க வேண்டும்.

காரணத்தைக் கண்டறியும் முறை

எந்த இடத்தில் அனுமதி மறுக்கப்படுகிறது என்பதை ஊகித்து அறிய வேண்டுவதில்லை. மார்க் ருசினோவிச், பிரைஸ் காக்ஸ்வெல் ஆகிய இருவரும் உருவாக்கிய ‘பிராசஸ் மானிட்டர்’ என்னும் இலவசக் கருவி அதனைக் காட்டிவிடும். கோப்பு, பதிவேடு ஆகியவற்றை ஒவ்வொரு நிரலும் அணுகும் ஒவ்வொரு தடவையையும் அது வரிசையாகப் பதிவு செய்கிறது.

முதலில் நிர்வாகி அக்கருவியைத் தொடங்குகிறார். எழுத்தர் தம் சாதாரணக் கணக்கிலிருந்து பழைய மென்பொருளைத் திறந்து, அது இடறும் செயலைச் செய்து காட்டுகிறார். சில நொடிகளில் பல்லாயிரம் வரிகள் சேர்ந்துவிடும். அவற்றுள் அந்த மென்பொருளுக்குரியவற்றையும், ‘அனுமதி மறுப்பு’ என்ற விளைவைக் கொண்டவற்றையும் மட்டும் வடிகட்டினால், வழக்கமாகச் சில வரிகளே எஞ்சும். அவ்வரிகளில் கோப்பின் முழு முகவரியும் காணப்படும். மறுப்பு நேர்ந்த இடங்கள் யாவும் குறையாகா. மறுப்பைப் பெற்றும் நிரல் தடையின்றித் தொடர்வதுண்டு. இடறலுக்குச் சற்று முன்பு நிகழ்ந்த மறுப்பையே முதலில் ஆராய வேண்டும்.

பொருத்தமான பரிகாரங்கள்

மென்பொருளின் அமைப்புப் பகுதியிலேயே தரவுக் கோப்புறையை மாற்றும் வசதி இருந்தால் அதுவே சிறந்த வழி. பேரேட்டுக்கெனப் பொதுவான கோப்புறை ஒன்றை உண்டாக்கி, எழுத்தர்கள் அனைவரையும் ஒரு குழுவாக்கி, அக்குழுவுக்கு அங்கு மட்டும் எழுதும் உரிமை அளித்துவிடலாம். அப்போது அனைவரும் ஒரே பேரேட்டைக் காண்பர்.

அவ்வசதி இல்லையெனில், பிராசஸ் மானிட்டர் காட்டிய அந்தத் தனிக் கோப்புக்கோ, தரவு உட்கோப்புறைக்கோ, பதிவேட்டின் குறிப்பிட்ட பிரிவுக்கோ மட்டும் எழுதும் உரிமையை நிர்வாகி வழங்கலாம். இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. நிரல் கோப்பே அமைந்துள்ள கோப்புறை முழுவதற்கும் எழுதும் உரிமை அளித்தல் கூடாது. அளித்தால், சாதாரணக் கணக்கில் புகுந்த தீய நிரல் அந்நிரல் கோப்பின் இடத்தில் தன்னையே வைத்துவிடும். பின்னொரு நாள் நிர்வாகி அதனைத் தொடங்கும்போது முழு உரிமையும் அதன் கைக்குப் போய்ச் சேரும்.

தேவையின்றி நிர்வாகி உரிமையைக் கோரும் மென்பொருள்களுக்கு, ‘தொடங்குபவரின் உரிமையிலேயே இயங்குக’ என்று கட்டளையிடும் பொருத்தப் படலம் ஒன்று விண்டோஸில் உண்டு. மைக்ரோசாஃப்ட் வெளியிட்டுள்ள ‘கம்பாட்டிபிலிட்டி அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்னும் கருவியைக் கொண்டு ஒவ்வொரு மென்பொருளுக்கும் இத்தகைய படலங்களை அமைக்கலாம். அவை நிரலுக்கும் இயக்க அமைப்புக்கும் இடையே நின்று, நிரலின் கேள்விகளுக்கு அது எதிர்பார்க்கும் விடையை அளிக்கின்றன. நிரலைத் திருத்தி எழுதியவர் இன்று கிடைக்காத நிலையிலும் இவ்வழி பயன்படும். இவை உரிமையைக் கூட்டுவதில்லை என்பதைக் கருத வேண்டும். உண்மையாகவே உரிமை தேவைப்படும் நிரலை இவற்றால் மட்டும் இயக்க இயலாது.

இவை எவற்றாலும் இயங்காத பதினாறு இரும நிரல்களையும், பழைய அமைப்பை விட்டு நகர்த்தவே இயலாத கருவி மென்பொருள்களையும் தனியே பிரித்து வைத்தல் நலம். டாஸ் காலத்து நிரல்களுக்கு டாஸ்பாக்ஸ் போன்ற போலிமச் சூழல்கள் உள்ளன. மற்றவற்றை, பொறிக்குள் பொறியாக அமைக்கப்படும் மாயப்பொறியில் இயக்கலாம். விலையுயர்ந்த அளவுக் கருவியுடன் பிணைந்த பழைய பொறியை அப்படியே வைத்துக்கொள்வதாயின், அதனை வலையமைப்பிலிருந்து துண்டித்துவிட வேண்டும். லினக்ஸ் அமைப்பில் விண்டோஸ் மென்பொருள்களை இயக்கும் ‘வைன்’ என்னும் ஏற்பாடும் கவனிக்கத்தக்கது. அதில் ஒவ்வொரு பயனருக்கும் தனியான ‘சி’ வட்டு அவருடைய சொந்தக் கோப்புறையிலேயே அமைவதால், பழைய நிரல் அவ்வட்டில் எழுதுவதற்கு நிர்வாகி உரிமை தேவைப்படுவதில்லை.

நிர்வாகியின் கடவுச்சொல்லை ஒரு கட்டளைக் கோப்பில் எழுதி வைத்து, எழுத்தர் அதனைச் சொடுக்கும்படி செய்யும் வழக்கம் சில இடங்களில் உண்டு. பூட்டிய கதவின்மீதே சாவியைத் தொங்கவிடுவதற்கு ஒப்பான இவ்வழக்கத்தை அறவே விலக்க வேண்டும்.

பணம் வழங்கும் பொறிகள்

இக்கோட்பாடு சிறு பட்டறைக்கு மட்டும் உரியதன்று. இந்தியாவின் முதல் தானியங்கிப் பணப்பொறியை 1987-ஆம் ஆண்டு மும்பையில் ஹாங்காங் ஷாங்காய் வங்கி நிறுவியது. ஏ.டி.எம். என்று மக்கள் வழங்கும் அப்பொறியின் உள்ளேயும் ஒரு கணிப்பொறி உண்டு. அவற்றுள் பலவற்றை இயக்கி வந்த விண்டோஸ் எக்ஸ்பிக்கு, மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த ஆதரவு 2014-ஆம் ஆண்டு ஏப்ரல் 8-ஆம் நாளோடு நின்றது. ஆயினும் பழைய மென்பொருளுடன் பிணைந்த பொறிகளை வங்கிகள் உடனே மாற்றிவிடவில்லை.

மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட ரிசர்வ் வங்கி, 2018-ஆம் ஆண்டு ஜூன் 21-ஆம் நாள் இது குறித்துச் சுற்றறிக்கை ஒன்றை வெளியிட்டது. வெளிச் சாதனங்களைச் செருகும் துளைகளை முடக்குதல், தானே தொடங்கும் நிரல்களைத் தடுத்தல், நிர்வாகி உரிமையைக் குறித்த நேரத்துக்கு மட்டும் வழங்குதல் முதலியவற்றை அவ்வாண்டு ஆகஸ்டுக்குள் செய்து முடிக்கப் பணித்தது. அனுமதிக்கப்பட்ட நிரல்கள் மட்டுமே இயங்கும் ஏற்பாட்டுக்கு 2019 மார்ச் வரை கெடு அளிக்கப்பட்டது. ஆதரவுள்ள இயக்க அமைப்புக்கு மாறும் பணி 2018 செப்டம்பரில் 25 விழுக்காடு, டிசம்பரில் 50 விழுக்காடு, 2019 மார்ச்சில் 75 விழுக்காடு, ஜூனில் முழுமை எனப் படிப்படியாக வகுக்கப்பட்டது. பழையதை ஒரே நாளில் அகற்ற இயலாது என்பதையும், அகற்றும்வரை அதன் உரிமையைக் குறுக்கி வைக்கலாம் என்பதையும் இவ்வொழுங்கு ஒருங்கே ஏற்றுக்கொள்கிறது.

தாராவிப் பட்டறையின் உரிமையாளரும் இதே முறையைப் பின்பற்ற இயலும். அதற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. பேரேட்டின் படி ஒன்றைப் பத்திரப்படுத்திய பின், ஒரு பிற்பகல் நேரத்தைச் செலவிட்டு, மென்பொருள் நாடும் இடம் எது என்று கண்டு, அவ்விடத்துக்கு மட்டும் அனுமதி அளித்தால் போதும். எழுத்தர் இருவரும் தத்தம் கணக்கிலேயே பணி செய்வர்; பேரேடும் ஒன்றாகவே இருக்கும். எவரேனும் ஒருநாள் அறியாமல் தீய நிரல் ஒன்றைத் திறந்துவிட்டாலும், அவர் எழுதக்கூடிய கோப்புகளோடு அதன் சேதம் பெரும்பாலும் நின்றுவிடும். வேறிடத்தில் வைத்த படியிலிருந்து அவற்றை மீட்டுக்கொள்ளலாம். பல ஆண்டு உழைப்பால் வளர்ந்த தொழிலின் கணக்குகளைக் காப்பதற்கு இச்சிறு முயற்சி பெருந்துணையாகும் என்பதில் ஐயமில்லை.